அத்தானின் பாதுகாப்பு வாசகம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றபடியே லென்ஸ் மாட்டாதே, முதலாளியம்மாவிடம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கு என்று போன வருடமே சொன்னேன். கேட்டிருக்க மாட்டாய்.

பேனா பிடித்துப் பல வருடமாகிவிட்டது. எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும், பொறுத்துக்கொள். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஏன் என்று கேட்கப்போவதில்லை. தபால்காரர் வாசலில் வந்து நீட்டினால் வாங்கித்தானே ஆகவேண்டும், அதனால்தான் கடிதம்.

அத்தான் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. எங்கள் கம்பெனியின் கிரிப்டோ நாணயத் தளத்தில் அவர் பெயரில் இருக்கும் கணக்கை முறைப்படி முடிக்க வேண்டும். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. என் தொல்லை தாங்காமல் ஆரம்பித்த கணக்குதானே அது. "உங்க கம்பெனி காசு கண்ணுக்குத் தெரியுது மாப்ள, கைக்குத்தான் சிக்க மாட்டேங்குது" என்று சிரிப்பார்.

ஆகஸ்டில் எங்கள் தளத்தில் திருடர்கள் புகுந்தது உனக்குத் தெரியும். கிரிப்டோ சந்தையில் யாரும் பூட்டை உடைப்பதில்லை, எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் கணக்குகளின் பாதுகாப்பைச் சரிசெய்ய ஒரு குழு போட்டார்கள். வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்லும் உதவி மேசையில் இருந்த என்னையும் அதில் சேர்த்தார்கள். பதவி உயர்வு என்று சொல்லிக் கைகுலுக்கினார்கள். இனி வெறும் பாஸ்வேர்டு போதாது, போனில் மாறிக்கொண்டே இருக்கும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும், சில காரியங்களுக்கு முகத்தையும் காட்ட வேண்டும்.

அத்தானின் இறப்புச் சான்றிதழ் நகலைத் தபாலில் அனுப்பு. மெயிலில் அனுப்பாதே. தயவுசெய்து மெயிலில் மட்டும் அனுப்பாதே.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பாய். எங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பாதுகாப்பு வாசகம் எழுதிக் கொடுத்திருப்பார். நாங்கள் அனுப்பும் மெயிலின் அடியில் அது இருக்கும். இருந்தால் மெயில் எங்களுடையது, இல்லாவிட்டால் திருடனுடையது. நாமும் கடிதத்தின் அடியில் ஒரு வாசகம் வைத்துக்கொள்ளலாமா? அப்போது எழுதியது நீதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி


ஜனவரி 29

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. நீ நலம் என்று எழுதியதைப் பாதி நம்பினேன். முட்டி அப்படியேதான் இருக்கிறது. கடைக்கு ஸ்டூல் வந்துவிட்டது, அதில் முதலாளியம்மா உட்கார்ந்திருக்கிறார்.

எழுதியது நான்தான் என்று தெரிய உனக்கு வாசகம் வேண்டுமா? உன் கையைப் பிடித்து 'அ' போட வைத்தவளே நான்தான். அடையாளம் காட்டும் வேலையெல்லாம் என்னிடம் வேண்டாம். ஒரு தடவை காட்டியது போதும்.

நகல் எடுக்கும் கடையில் மெஷின் ரிப்பேர் என்றார்கள். சரியானதும் அனுப்புகிறேன், அவசரப்படுத்தாதே.

உன் அத்தானோடு வேலை பார்த்த லிஃப்ட் மெக்கானிக்குகள் மூன்று பேர் நவம்பரிலேயே வந்து அவருடைய கருவிப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் உட்காரவில்லை. நம் தெருமுனைக் கட்டடத்து லிஃப்டில் அவர் கையெழுத்துப் போட்ட பரிசோதனை அட்டை இன்னும் தொங்குகிறது. அடுத்த பரிசோதனை ஏப்ரல் என்று அவர் கைப்படவே எழுதியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை அதில் ஏறி ஐந்தாம் மாடி வரைக்கும் போய்விட்டு இறங்குகிறேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. காவல்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார், பார்க்கட்டும்.

நீ என்ன சமைக்கிறாய், ஆள் இளைத்துவிட்டாயா, ஒழுங்காக எழுது. சுகம் என்று ஒற்றை வார்த்தையில் முடித்தால் எனக்குக் கோபம் வரும்.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நீ விவரம் கேட்டாயே, எழுதுகிறேன். இளைத்துத்தான் இருக்கிறேன். போன வாரம் முட்டையை வேகப்போட்டுவிட்டு மறந்துவிட்டேன். தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகுதான் அடுப்பு எரிகிற ஞாபகமே வந்தது. பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

இதை எப்படி எழுதுவது என்று ஐந்து நாளாக யோசித்தேன். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் பெரிய திரை. பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டு, ஆறு இலக்க எண்ணைத் தப்பாகப் போடுகிறவர்களெல்லாம் அதில் சிவப்பு வரியாக வருவார்கள். முக்கால்வாசிப் பேர் மறதிக்காரர்கள், மிச்சம் திருடர்கள். போன ஞாயிறு எனக்கு முறை. மத்தியானம் மூன்று நாற்பதுக்கு ஒரு சிவப்பு வரி வந்தது. அது அத்தானின் கணக்கு.

பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். நவம்பரிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மூன்று நாற்பது, ஒரே ஒரு தடவை, பாஸ்வேர்டு சரி, எண் மட்டும் தப்பு. அதற்கு மேல் முயற்சி இல்லை. திருடன் என்றால் பத்துத் தடவை முட்டிப்பார்ப்பான். இது வந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகிறது. எந்தப் போனிலிருந்து என்று பார்த்தேன். அத்தானுடைய போனேதான் அக்கா.

எனக்குப் பயமாக இருந்தது, மறைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன், "என்ன சார், பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லி அந்த வரியை மூடிவிட்டேன்.

அந்தப் போன் இப்போது எங்கே இருக்கிறது?

உன் தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். போன் பீரோவில் இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறேன். உங்கள் திரையில் ஏதாவது கோளாறு இருக்கும், நல்ல ஆளாகப் பார்த்துச் சரிசெய்யச் சொல். முட்டையை வேகப்போட்டால் அடுப்பை விட்டு நகராதே, இது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

நகல் மெஷின் இன்னும் ரிப்பேர்தான்.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ மருந்தை விடாமல் சாப்பிடு.

நேற்று ஞாயிறு. என் முறை இல்லாவிட்டாலும் ஆபீசுக்குப் போனேன். மூன்று முப்பத்தெட்டிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதுக்கு அந்த வரி வந்தது. யாரோ பெரியவர் அறைக்குள் வந்ததுபோல எழுந்து நின்றுவிட்டேன். பீரோவுக்குள் அணைந்து கிடக்கிற போன் எப்படி ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழித்துக்கொள்கிறது என்று உன்னிடம் கேட்கலாம். கேட்கவில்லை. உன்னைக் கேள்வி கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

வேறொன்றைச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் வந்தவர்கள் எடுத்துப் போனதில் பாதுகாப்பு வாசகங்களின் பட்டியலும் உண்டு. அவரவர் வாசகத்தைச் சரியாக அடியில் போட்டு, எங்கள் பெயரில் மெயில் அனுப்பித்தான் மற்றவர்களை ஏமாற்றினார்கள். ஒரு பெரியவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "என் பேத்தியோட செல்லப் பேரு அதுல இருந்துச்சே தம்பி. அது எங்க வீட்டுக்குள்ள மட்டும்தானே தெரியும், அதான் நம்பிட்டேன்" என்றார். திட்டக்கூட இல்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

அதனால் மே 31 பகல் பன்னிரண்டு மணிக்குப் பழைய வாசகங்கள் அத்தனையையும் அழிக்கிறோம். அழிப்பது என் வேலை. புது வாசகம் வேண்டுமென்றால் கணக்குக்காரர் முகத்தைக் காட்டி எழுதிக்கொள்ளலாம். காட்டாதவர்களின் மெயிலில் அந்த இடம் காலியாக இருக்கும். அத்தானின் வாசகமும் அன்றோடு போய்விடும். அது என்ன என்று எடுத்துப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு, ஆனால் பார்க்கவில்லை.

சான்றிதழ் எங்கே என்று இனிக் கேட்கமாட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதாமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டேன். பொய் எழுதிய கை, உண்மையை எழுத எடுத்துக்கொண்ட நேரம் என்று வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை தட்டுவது நான்தான்.

அவருடைய பாஸ்வேர்டு கருவிப்பெட்டி மூடியின் உட்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. நவம்பரில் பெட்டியைத் துடைக்கும்போது பார்த்தேன். எதற்கோ போட்டுப் பார்த்தேன். எண் கேட்டது, தெரியாமல் எதையோ அடித்தேன். உடனே அவர் போனுக்கு உங்கள் மெயில் வந்தது. உங்கள் கணக்கில் யாரோ நுழையப் பார்த்தார்கள், அது நீங்கள்தானா என்று கேட்டது. அதற்கு அடியில், பாதுகாப்பு வாசகம்: அடுப்ப அணைச்சியா?

நீ கேட்டிருப்பாயே. வீட்டை விட்டுக் கிளம்பினால் பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், அங்கிருந்து போன் செய்து அதைத்தான் கேட்பார். ஆபீஸ் கட்டடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லிஃப்ட் பரிசோதனை, மூன்றரைக்குக் கிளம்புவார், மூன்று நாற்பதுக்கு மணி அடிக்கும். "அடுப்ப அணைச்சியா?" என்பார். "அணைச்சிட்டேங்க" என்பேன். பதினெட்டு வருடம். கல்யாணமான புதிதில் ஆசையாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, அப்புறம் காதிலேயே விழாமல் போனது.

அந்த ஞாயிறும் மணி அடித்தது. நான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று தெரியுமே, கை பிசுபிசுவென்று இருக்கிறது, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். லிஃப்டை நிறுத்திவிட்டுப் படியில் ஏறியவர் நாலாம் மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பதில் கிடைக்காமலே போய்விட்டார்.

அதனால்தான் தட்டுகிறேன். சரியான எண்ணும் அதே போனில்தான் இருக்கிறது, உள்ளே போக எனக்குத் தெரியும். போக வேண்டாம். தப்பாக அடித்தால் அவர் கேட்பார். "அணைச்சிட்டேங்க" என்று சத்தமாகச் சொல்லுவேன். பழைய மெயில்களை எடுத்துப் படிக்கக் கூடாதா என்று நீ நினைப்பாய். அவை பழையவை. இது இன்றைக்கு வந்தது, மேலே இன்றைய தேதி இருக்கும். என் தம்பி வேலை பார்க்கும் இடத்திலிருந்து என் புருஷன் வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறார், அதைப் போய் உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், எட்டாம் தேதி புதன்கிழமை ஒரு மெயில் வந்தது. நான் தட்டவில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும் நேரம், பீரோவுக்குள் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் அடியில் அடுப்ப அணைச்சியா. தம்பி, நான் கேட்காமல் அவராக வந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. கணக்கைக் காப்பாற்ற இங்கே அழுத்தவும் என்று இருந்தது, அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன். முகத்தைக் காட்டவும் என்றது. ஒரு வட்டம் வந்தது. அந்த வட்டத்துக்குள் என் முகம் தெரிந்தது. கலைந்த தலையும் நானுமாக, அவர் இருக்க வேண்டிய இடத்தில். போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அது அவர் இல்லைதானே? எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ சொல்லு.

தெருமுனை லிஃப்டில் அட்டையை மாற்றிவிட்டார்கள். வேறு யாருடைய கையெழுத்தோ இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும், அதற்குமேல் இன்றைக்கு விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

அது அத்தான் இல்லை. அது திருடன். உன் கடிதத்தைப் படித்ததும் அவர் கணக்கிலிருந்து எதுவும் வெளியே போகாதபடி நிறுத்திவைத்துவிட்டேன். அவர்கள் பட்டியலில் அத்தானின் வாக்கியம் இருக்கிறது. அது அங்கே போனதற்குக் காரணம் நான்.

ஜூலைக் கடைசியில் உதவி மேசைக்கு ஒரு பெண் பேசினாள். புருஷன் இறந்துவிட்டார், கணக்கு அவர் பேரில் இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை என்று அழுதாள். "நீங்க என் கூடப்பொறந்த தம்பி மாதிரி. சர்டிஃபிகேட் அனுப்பியிருக்கேன், சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றாள். வெளியிலிருந்து வரும் கோப்பைத் திறப்பதற்கென்றே அறையின் மூலையில் ஒரு கணினி உண்டு, வேறெதோடும் சேராமல் தனியாக நிற்கும். அதன்முன் ஒருவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற ஆளை எழுப்புவானேன் என்று என் கணினியிலேயே திறந்தேன். இறப்புச் சான்றிதழ்தான். முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. இறந்தவர்தான் இல்லை.

அந்தக் கோப்போடு வந்தவர்கள் ஒன்பது நாள் உள்ளே குடியிருந்தார்கள். போகும்போது தடத்தை அழித்துவிட்டார்கள். உதவி மேசையின் பதினான்கு கணினிகளில் எது வழியாக வந்தார்கள் என்று விசாரணையில் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் பெண் அழுதாலும் எனக்கு அவள் குரலாகவே கேட்கும். அக்டோபரில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டு, "டேய், அவர் போயிட்டாருடா" என்றாள். உன் குரல் என்று காது சொன்னது. அவளும் இப்படித்தான் அழுதாள் என்று மண்டை சொன்னது. அப்போதுதான் கேட்டேன். "நீங்க யாரு பேசுறீங்க? என் நெத்தியில தழும்பு எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க."

நீ பதில் சொன்னாய். சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றிலிருந்து நீ என் போனை எடுத்ததில்லை. ஏன் என்று கேட்கப்போவதில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அது பெருந்தன்மை இல்லை. நீ சொல்லிவிடுவாயோ என்ற பயம். பொய்யான விதவைக்குக் கதவைத் திறந்துவிட்டவன், சொந்த அக்காவை வாசலில் நிறுத்தி விசாரித்தேன். என்னை மன்னித்துவிடு அக்கா.

என்னால் செய்ய முடிந்த ஒரு காரியம் இருக்கிறது. அழிக்கும் பட்டியலைத் தயாரிப்பவன் நான். அதிலிருந்து ஒரே ஒரு வரியை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஞாயிறு மூன்று நாற்பதுக்கு அத்தான் உன்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார். சரி என்று ஒரு வார்த்தை எழுது, விட்டுவிடுகிறேன்.

உன் தம்பி


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? தினமும் வீட்டுக்குத் திரும்பியதும் தபால் பெட்டியைத்தான் முதலில் பார்க்கிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோபமென்றால் கோபம் என்றாவது நாலு வரி எழுது, திட்டித் தீர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு வரி தவறாமல் வருகிறது. நீ நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

பட்டியல் தயாராகிவிட்டது. அத்தானின் வரியைச் சேர்க்கிறேன், எடுக்கிறேன், மறுபடி சேர்க்கிறேன். பதிமூன்று நாள் இருக்கிறது.

உன் தம்பி


மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதை ஆபீசிலிருந்தே எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மேலதிகாரியின் அறைக்குப் போய் ஜூலையில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு டப்பா வரைக்கும் சொன்னேன். "பத்து மாசம் எப்படிய்யா தூங்கின?" என்றார். தூங்கவில்லை என்றேன். ஞாயிறு வேலையை முடித்துக்கொடு, திங்கள்கிழமையிலிருந்து வரவேண்டாம், விசாரணைக்குக் கூப்பிடும்போது வா என்றார். பதினொரு மாதத்தில்... இல்லை, பத்து மாதத்தில் முதல் தடவையாக அன்று ராத்திரி தூங்கினேன். கணக்குக்கூட ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது.

அக்கா, அந்த வரியை நான் விட்டுவைக்கவில்லை. விட்டால், அத்தானின் வாக்கியத்தோடு உனக்கு வருகிற இரண்டு மெயிலில் எது எங்களுடையது, எது அவனுடையது என்று உனக்குத் தெரியாது. அடுத்த புதன்கிழமையும் அவன் வருவான். ஒரு தடவை ஓடிவந்தாய், எப்போதும் ஓடிவருவாய் என்று என்னால் நம்ப முடியவில்லை. பாவம் பார்த்து ஒரு தடவை விதியை மீறியவன் நான், அதன் பலனைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போன அந்தப் பெரியவர் அனுபவிக்கிறார். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அழித்தேன். நாலு லட்சம் வாசகங்கள், நாற்பது விநாடி.

கடைசிவரைக்கும் அவருடையதை எடுத்துப் பார்க்கவில்லை. நீ சொல்லித்தான் தெரியும், அது போதும்.

இனி அந்த வாக்கியத்தோடு உனக்கு எது வந்தாலும் அது திருடன்தான். இதை நினைவில் வைத்துக்கொள். உனக்கு இதை எழுத வேண்டியிருக்கிறதே.

மூன்று நாற்பதுக்கு நீ தட்டினாய். பார்த்தேன். திரையின் முன்னால் நின்றுகொண்டு அழுதேன்.

உன் தம்பி


ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி, இந்தத் தடவை வாய் நிறைய. முட்டிவலி பரவாயில்லை. வேலை போன கையோடு சாப்பாட்டையும் விட்டிருப்பாய் என்று தெரியும், அதனால்தான் முதலில் இதைக் கேட்கிறேன்: சாப்பிட்டாயா?

உன் ஏப்ரல் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதினேன். சரி, விட்டுவிடு என்று இரண்டே வார்த்தை. உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டிவரைக்கும் போனேன். போடவில்லை. மறுநாளும் போனேன். தம்பியைத் தப்புச் செய்யச் சொல்லி ஒரு விதவை அழுதது ஒரு தடவை போதாதா, இரண்டாவது ஆள் நானா என்று தோன்றியது. வேண்டாம் என்று எழுதவும் மனசு வரவில்லை. அதனால் எதையும் எழுதாமல் முடிவை உன் தலையில் கட்டிவிட்டேன். அந்த உறையைக் கிழித்துப் போட்டது போன வாரம்தான்.

முப்பத்தொன்றாம் தேதி தட்டினேன், வழக்கம்போல். மெயில் வந்தது. பாதுகாப்பு வாசகம் என்று போட்டு இரண்டு புள்ளி, அதற்குப் பிறகு வெள்ளை. "அணைச்சிட்டேங்க" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். கேட்காத கேள்விக்கு என்னவென்று சொல்வது? விரலால் அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய் நானே பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. இத்தனை ஞாயிறும் அணைச்சிட்டேங்க என்று சொன்னேனே தவிர, ஒரு நாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

அக்டோபரில் நான் உனக்குப் போன் செய்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் அழுகிவிடும். என் போனில் சார்ஜ் இல்லை, ஆஸ்பத்திரி மேசையிலிருந்து பேசினேன். பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் அவர். "நான் கதவ அடிச்சு சாத்தினேன், உன் நெத்தி இடிச்சுது, மூணு தையல்" என்று அவ்வளவு பேர் நடுவில் சொன்னேன். தழும்பைக் கேட்டதுகூடப் பெரிதில்லை. நீ என்னை 'நீங்க' என்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட வாய். எட்டு மாதமாக அதே கோபம்தான். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் பாரம் இறங்கிவிட்டது. இனிப் போன் செய். எடுக்கிறேன்.

இந்த உறைக்குள் உன் அத்தானின் இறப்புச் சான்றிதழ் நகல் இருக்கிறது. மெஷின் என்றைக்கும் ரிப்பேர் ஆகவில்லை, அது உனக்கே தெரியும். தபாலில்தான் அனுப்புகிறேன், மெயிலில் இல்லை. பயப்படாமல் பிரி. இதில் இறந்தவர் நிஜமாகவே இருக்கிறார். உன் ஆபீசில் யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவரிடம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடு.

முதல் கடிதத்தில் அடியில் ஒரு வாசகம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். அன்றைக்கு முறைத்தேன், இன்றைக்கு வைக்கிறேன். இந்த வாக்கியத்தோடு எது வந்தாலும் திருடன்தான் என்று எழுதியிருந்தாய். சரி. என் கையெழுத்தில் வந்தால் மட்டும் இல்லை. தனியாக இருக்கிறாய், மறதி அதிகம், முட்டை வெடிக்கும் அளவுக்கு. ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன், ஞாயிற்றுக்கிழமை மூன்று நாற்பதுக்குப் போனிலும் கேட்பேன். எரிச்சல் வந்தாலும் பதில் சொல்லிவிடு.

அக்கா

அடுப்ப அணைச்சியா?